வெற்றிடத்தில் மின்காப்பான் மேற்பரப்பு மின்னிறக்கம்: கணினி ஒப்புருவாக்கமும் உள்ளீட்டுத் தரவின் இடமும்

ஆய்வுச் சுருக்கம்

வெற்றிடத்தில் வைக்கப்பட்ட மின்காப்பான் ஒன்றின் மேற்பரப்பு வழியே நிகழும் மின்னிறக்கம், அதே இடைவெளியில் காப்பான் இல்லாத நிலையில் வெற்றிடம் தாங்கும் மின்னழுத்தத்தைவிடக் குறைந்த மின்னழுத்தத்திலேயே நிகழ்கிறது. காவிரிப் படுகையின் துணைமின் நிலையங்களில் பயன்படும் வெற்றிடத் துண்டிப்பானை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்நிகழ்வின் இயற்பியலையும், அதனைக் கணினியில் ஒப்புருவாக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒப்புருவாக்கத்தின் முடிவு நிரலின் திறத்தைவிட, காப்பான் மேற்பரப்பின் இரண்டாம் நிலை எலக்ட்ரான் உமிழ்வு பற்றிய அளவீட்டையே பெரிதும் சார்ந்துள்ளது என்பது எளிய கணக்கீட்டின்வழி காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வெற்றிடத் துண்டிப்பான், அலுமினா, முச்சந்தி, இரண்டாம் நிலை எலக்ட்ரான் உமிழ்வு, கட்டத்துள் துகள் முறை, மான்டி கார்லோ.

முன்னுரை

கும்பகோணம், திருவிடைமருதூர், பாபநாசம் வட்டங்களில் குறுவைப் பருவத்தில் ஆற்றுநீரோடு வடிமுனைக் குழாய்க் கிணறுகளின் நீரும் வயலுக்குப் பாய்கிறது. அக்கிணறுகளின் மோட்டார்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்பவை 11 கிலோவோல்ட் ஃபீடர்கள். மரக்கிளை உரசியோ, கம்பி அறுந்தோ குறுக்குச்சுற்று ஏற்படும்போது அந்த ஃபீடரைத் துண்டிக்கும் கருவி துணைமின் நிலையத்திலுள்ள சுற்றுமுறிப்பான். முன்பு இதில் எண்ணெய் நிரப்பப்பட்டிருந்தது. இன்று இந்த மின்னழுத்த நிலையில் பெருவழக்காக இருப்பது வெற்றிடச் சுற்றுமுறிப்பான். களப்பணியாளர் பேச்சில் 'விசிபி'. வெற்றிடத்தில் மின்னோட்டத்தைத் துண்டிக்க முடியும் என்பதை 1926-ஆம் ஆண்டில் கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் சோரன்சனும் மெண்டன்ஹாலும் செய்துகாட்டினர். இந்தியாவில் பெங்களூருவின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் வெற்றிடத் துண்டிப்பான்களைத் தயாரிக்கின்றன.

துண்டிப்பானின் உடல் ஒரு பீங்கான் உருளை. பெரும்பாலும் அலுமினாவால் ஆனது. இருமுனைகளிலும் உலோகத் தகடுகள் பற்றவைத்து மூடப்பட்டது. உள்ளே இரண்டு செம்பு-குரோமியம் தொடுமுனைகள். இந்த ஒரே பீங்கானுக்கு இரண்டு முகங்கள் உண்டு. வெளிமுகம் காற்றைத் தொடுகிறது. ஐப்பசி மழையின் ஈரமும் தூசியும் அதன்மீது படிகின்றன. உள்முகம் 10⁻² பாஸ்கலுக்கும் குறைந்த அழுத்தமுள்ள வெற்றிடத்தைப் பார்த்திருக்கிறது. வெளிமுகத்தின் சிக்கல் கண்ணுக்குத் தெரிவது. பராமரிப்புப் பணியில் துடைத்துச் சரிசெய்யக்கூடியது. உள்முகம் தொழிற்சாலையில் மூடப்பட்ட நாள்முதல் எவர் கைக்கும் எட்டாதது. அதில் நிகழும் மின்னிறக்கத்தை அறியக் கணக்கீடு பெருந்துணையாவது அதனால்தான்.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. கணினியில் ஒரு நிகழ்வை நிகழ்த்திப் பார்ப்பதை 'உருவகப்படுத்துதல்' என்று எழுதுவது பரவலான வழக்கு. தமிழ் மரபில் உருவகம் அணியின் பெயராக நிலைபெற்றுவிட்டதால், 'ஒப்புருவாக்கம்' என்ற சொல் இங்கு ஆளப்படுகிறது. உலோகம், காப்பான், வெற்றிடம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் விளிம்பிற்கு 'முச்சந்தி' என்பதைவிடப் பொருத்தமான சொல்லைப் புதிதாகத் தேடவேண்டியதில்லை.

வெற்றிடத்தின் வலிமையும் காப்பானின் வலுவின்மையும்

வளிமண்டல அழுத்தத்தில் காற்று மூலக்கூறு ஒன்றன் சராசரி மோதலிடைத் தூரம் சுமார் 70 நானோமீட்டர். 10⁻⁴ பாஸ்கல் அழுத்தத்தில் அதுவே 60 மீட்டரைத் தாண்டுகிறது. சில மில்லிமீட்டர் இடைவெளியைக் கடக்கும் எலக்ட்ரான் வழியில் எந்த மூலக்கூறையும் சந்திப்பதில்லை. ஆகவே காற்றில் நிகழ்வது போன்ற அயனியாக்கப் பெருக்கம் வெற்றிடத்தில் நிகழ வழியில்லை. வெற்றிடம் நல்ல காப்பு ஊடகமாக இருப்பதன் காரணம் இதுவே.

அந்த வெற்றிடத்தில், மின்வாய்களைத் தாங்கிப் பிடிக்க ஒரு திடக் காப்பானை வைத்தே ஆகவேண்டும். வைத்தவுடன் தாங்குதிறன் குறைகிறது. திடப்பொருளின் உட்பகுதி வெற்றிடத்தைவிட வலிமையானதாக இருந்தாலும், அவை இரண்டும் சந்திக்கும் மேற்பரப்பு இரண்டையும்விட வலுக்குறைந்ததாகிறது. இரண்டு வலிய பொருள்களின் எல்லை ஏன் மெலிந்து போகிறது என்ற கேள்வியே இத்துறையின் தொடக்கம்.

நிகழ்வு முச்சந்தியில் தொடங்குகிறது. எதிர்மின்வாயும் பீங்கானும் ஒட்டும் இடத்தில் எத்துணை நேர்த்தியாகப் பற்றவைத்தாலும் நுண்ணிய இடைவெளிகள் எஞ்சும். அலுமினாவின் மின்காப்பு மாறிலி 9 முதல் 10 வரை இருப்பதால், அந்த இடைவெளியில் மின்புலம் சராசரியைவிடப் பல மடங்கு உயர்கிறது. உயர்ந்த புலம் உலோகத்திலிருந்து எலக்ட்ரான்களை இழுத்தெடுக்கிறது. இது புல உமிழ்வு. துண்டிப்பானின் முனைகளில் வளைந்த உலோகத் திரைகளை வைத்து முச்சந்தியைப் புலத்திலிருந்து மறைப்பதன் நோக்கம் இதைத் தடுப்பதே.

வெளிவந்த எலக்ட்ரான்களுள் சில காப்பானின் மேற்பரப்பில் மோதுகின்றன. மோதும் எலக்ட்ரான் பொருளுக்குள்ளிருந்து புதிய எலக்ட்ரான்களை வெளியேற்றக்கூடும். ஒரு மோதலுக்கு வெளியேறும் எலக்ட்ரான்களின் சராசரி எண்ணிக்கையே உமிழ்வு விகிதம். மோதும் ஆற்றல் மிகக் குறைவாயின் விகிதம் ஒன்றுக்குக் கீழே இருக்கும். ஆற்றல் உயர, ஒரு கட்டத்தில் விகிதம் ஒன்றைக் கடந்து மேலே சென்று உச்சத்தை அடைந்து, சில ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட் அளவில் மீண்டும் ஒன்றுக்குக் கீழே இறங்கும். முதன்முறை ஒன்றைக் கடக்கும் ஆற்றலை 'முதல் கடவை ஆற்றல்' என்று குறிக்கலாம். காப்பான்களுக்கு இது சில பத்து எலக்ட்ரான்வோல்ட் அளவிலானது. இக்கட்டுரை வலியுறுத்தவிருக்கும் எண் இதுதான்.

விகிதம் ஒன்றுக்கு மேலிருந்தால் மேற்பரப்பு பெறுவதைவிட அதிகம் இழக்கிறது, நேர்மின்னூட்டம் ஏறுகிறது. ஏறிய மின்னூட்டம் அடுத்துக் கிளம்பும் எலக்ட்ரானை விரைவில் திரும்ப இழுத்துவிடுகிறது. பறக்கும் தூரம் குறைவதால் அந்த எலக்ட்ரான் பெறும் ஆற்றலும் குறைகிறது. ஆற்றல் முதல் கடவைக்குக் கீழே சென்றாலோ விகிதம் ஒன்றுக்குக் குறைந்து, மேற்பரப்பு எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொண்டு நேர்மின்னூட்டத்தை இழக்கிறது. எலக்ட்ரான்கள் மீண்டும் நீண்ட தூரம் பறக்கின்றன. இவ்வாறு மேற்பரப்பு தன்னைத்தானே முதல் கடவை ஆற்றலில் நிலைநிறுத்திக்கொள்கிறது. எதிர்மின்வாயிலிருந்து நேர்மின்வாய்வரை எலக்ட்ரான்கள் தத்தித் தத்திச் செல்லும் ஒரு படலம் உருவாகிறது. போயர்ஷ் குழுவினர் 1963-இல் இத்தகைய மின்னூட்ட நிலையை விளக்கினர். மோதல்களால் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் வாயு வெளியேறுவதே இறுதி முறிவுக்குக் காரணம் என்ற விளக்கத்தை 1980-இல் ஆண்டர்சனும் பிரைனார்டும் வளர்த்தெடுத்தனர்.

கனடாவின் விண்ட்சர் பல்கலைக்கழகத்தில் ஏ. சிவதாணு பிள்ளையும் ரூபன் ஹாக்கமும் 1980-களில் 'ஜர்னல் ஆஃப் அப்ளைடு ஃபிசிக்ஸ்' இதழில் தொடர்ச்சியாக வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுபவை. 1982-ஆம் ஆண்டுக் கட்டுரையில் மின்னிறக்க மின்னழுத்தம் காப்பானின் நீளத்திற்கு நேர்விகிதத்தில் உயர்வதில்லை, நீளத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே உயர்கிறது என்ற தொடர்பு வருவிக்கப்பட்டது. இதன் விளைவு வடிவமைப்பாளருக்கு மிக முக்கியமானது. காப்பானின் நீளத்தை இரட்டித்தால் தாங்குதிறன் 1.41 மடங்காக மட்டுமே உயரும். மாறாக, ஒரே நீளத்தை நடுவில் உலோக வளையமிட்டு இரண்டாகப் பிரித்தால், ஒவ்வொரு பாதியும் முழுநீளத்தின் 0.71 பங்கைத் தாங்கும். மொத்தம் மீண்டும் 1.41 மடங்கு. நீளம் கூடாமலே அதே பயன் கிடைக்கிறது. வெற்றிடத் துண்டிப்பான்களில் பீங்கான் உருளையை இரண்டாகப் பிரித்து நடுவில் உலோகத் திரையைப் பொருத்தும் அமைப்பைக் காணலாம். தொடுமுனைகளிலிருந்து எழும் உலோக ஆவி பீங்கானில் படியாமல் தடுப்பதே அத்திரையின் முதற்பணி. மின்னழுத்தத்தைப் பகிர்வது உடன்கிடைக்கும் நன்மை. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் 'காளி' போன்ற துடிப்புமின் கருவிகளிலும் வெற்றிடக் காப்பான்களின் மேற்பரப்பு மின்னிறக்கம் மின்னழுத்தத்திற்கு வரம்பிடும் காரணிகளுள் ஒன்று.

ஐந்து மைக்ரோமீட்டர் உயரத்தில் ஒரு நாடகம்

ஒப்புருவாக்கம் எதைக் கணக்கிட வேண்டும் என்பதை அறிய, முதலில் கையால் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 12 கிலோவோல்ட் வகைச் சுற்றுமுறிப்பான் தாங்கவேண்டிய மின்னல் மோதல் மின்னழுத்தம் 75 கிலோவோல்ட் எனத் தரநிர்ணயங்கள் வகுத்துள்ளன. அது 75 மில்லிமீட்டர் நீளப் பீங்கானில் சீராகப் பரவினால் மேற்பரப்பை ஒட்டிய புலம் மில்லிமீட்டருக்கு 1 கிலோவோல்ட். எலக்ட்ரான் மேற்பரப்பிலிருந்து செங்குத்தாக 3 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடன் கிளம்புவதாகக் கொள்வோம். நேர்மின்னூட்டம் பெற்ற மேற்பரப்பு அதனைக் கீழே இழுக்கிறது. மின்வாய்களுக்கிடையேயான புலம் அதனை முன்னே தள்ளுகிறது. எறிந்த கல்லின் பாதைபோல ஒரு பரவளையம் அமைகிறது. பள்ளி இயற்பியலின் எறிபொருள் சமன்பாடே இங்கும் போதும்: திரும்ப மோதும்போது உள்ள ஆற்றல், தொடக்க ஆற்றலோடு, தொடக்க ஆற்றலின் நான்கு மடங்கை இணைப்புலத்திற்கும் செங்குத்துப்புலத்திற்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டியதற்குச் சமம்.

முதல் கடவை ஆற்றல் 30 எலக்ட்ரான்வோல்ட் எனில், செங்குத்துப்புலம் இணைப்புலத்தின் 0.67 பங்காக அமையும்போது நிலைப்பாடு கிட்டும். ஒவ்வொரு தாவலும் முன்னோக்கி 27 மைக்ரோமீட்டர். உயரம் வெறும் 4.5 மைக்ரோமீட்டர், பறக்கும் நேரம் சுமார் 18 பிக்கோவினாடி. 10 மில்லிமீட்டர் நீளத்தைக் கடக்க ஏறத்தாழ 370 தாவல்கள், அதாவது 6 அல்லது 7 நானோவினாடிகள். துண்டிப்பானின் பீங்கான் விரல் நீளமுடையது. அதன் விதியைத் தீர்மானிக்கும் படலமோ தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேற்பரப்பில் ஏறும் மின்னூட்டமும் அவ்வாறே: சதுர மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரோகூலும். மேற்பரப்பு அணுக்கள் ஒரு லட்சத்திற்கு ஓர் எலக்ட்ரான்கூடக் குறையவில்லை.

இனி வாயு. எந்தப் பொருளின் மேற்பரப்பிலும் நீராவியும் பிற வாயுக்களும் ஒட்டியிருக்கும். ஒரு மூலக்கூறு தடிப்புள்ள அடுக்கில் சதுர மீட்டருக்கு 10¹⁹ மூலக்கூறுகள் வரை அடங்கும். அதில் பத்தில் ஒரு பங்கு மோதல்களால் பெயர்ந்து, மேற்பரப்பிற்கு மேலே 0.1 மில்லிமீட்டர் உயரத்திற்குள் தங்கியிருப்பதாகக் கொண்டால், அங்குள்ள அழுத்தம் அறை வெப்பநிலையில் சுமார் 40 பாஸ்கல். கலனின் அழுத்தமானி 10⁻⁴ பாஸ்கலைக் காட்டிக்கொண்டிருக்கும் அதே வேளையில், பீங்கானை ஒட்டிய மெல்லிய அடுக்கில் அதைப்போல் நான்கு லட்சம் மடங்கு அழுத்தம் நிலவுகிறது. வெற்றிடத்தில் நிகழ்வதாகச் சொல்லப்படும் இந்த மின்னிறக்கம் உண்மையில் தான் உண்டாக்கிய வாயுவிலேயே நிகழ்ந்து முடிகிறது.

படுகையின் ஈரப்பதம் இங்கே பொருட்படுத்தத் தக்கதாகிறது. ஆய்வுக்கூடத்தில் வெட்டி மெருகேற்றிய மாதிரி கார்த்திகை மாதக் காற்றில் ஒருநாள் கிடந்தால், அது நீராவியைச் சுமந்துகொண்டே வெற்றிடக் கலனுக்குள் செல்லும். வெளியேற்றப் பம்பை இயக்குவதால் மட்டும் அந்நீர் போய்விடாது. பல மணிநேரம் சூடேற்ற வேண்டும். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் வார்ப்புச் சிற்பம் செய்யும் ஸ்தபதியர், களிமண் அச்சில் ஈரம் எஞ்சியிருந்தால் உருகிய உலோகம் சீற்றங்கொள்ளும் என்பதை நன்கறிந்து அச்சை முழுதும் உலர்த்திச் சூடேற்றிய பின்னரே ஊற்றுவர். மேற்பரப்பு நீரின் அளவு அங்கே பல்லாயிரம் மடங்கு பெரிது, எச்சரிக்கை ஒன்றே.

கணினியில் நிகழ்த்தும் முறை

'கட்டத்துள் துகள்' முறை இதற்குப் பெரிதும் கையாளப்படுகிறது. வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, எலக்ட்ரான்களையும் அயனிகளையும் துகள்களாக விடுகின்றனர். கணினித் துகள் ஒவ்வொன்றும் மெய்யான எலக்ட்ரான்கள் பலவற்றிற்குப் பிரதிநிதி. ஒவ்வொரு காலப்படியிலும் துகள்களின் மின்னூட்டம் கட்டங்களில் பகிரப்பட்டு, பாய்சான் சமன்பாட்டின்வழி புலம் கணக்கிடப்பட்டு, அப்புலத்தால் துகள்கள் நகர்த்தப்படுகின்றன. பெர்க்லியில் பேர்ட்சால் குழுவினர் இம்முறையைப் பாடநூல் வடிவிற்குக் கொணர்ந்தனர். வாயு மூலக்கூறுகளோடு எலக்ட்ரான் மோதுமா, மோதினால் அயனியாக்குமா என்பவற்றைச் சமவாய்ப்பு எண்களால் தீர்மானிப்பது மான்டி கார்லோ பகுதி.

மேலே கண்ட எண்கள் கட்டத்தின் அளவையும் காலப்படியையும் ஆணையிடுகின்றன. தாவலின் உயரம் 4.5 மைக்ரோமீட்டர் எனில், மேற்பரப்பை ஒட்டிய கட்டம் 1 மைக்ரோமீட்டருக்கு மேற்படக் கூடாது. பறக்கும் நேரம் 18 பிக்கோவினாடி எனில் காலப்படி 1 பிக்கோவினாடிக்குக் குறைவாக வேண்டும். 10 மில்லிமீட்டர் நீளம், 0.1 மில்லிமீட்டர் உயரம் கொண்ட இருபரிமாணப் பகுதிக்கு 10 லட்சம் கட்டங்கள். 10 நானோவினாடிக்கு, அரை பிக்கோவினாடிப் படியில், 20,000 படிகள். இது இன்றைய மேசைக் கணினி ஒன்று தாங்கக்கூடிய சுமையே. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கும்பகோணம் அரசினர் கலைக் கல்லூரி போன்ற ஒன்றின் இயற்பியல் துறையிலிருந்தும் இந்த அளவிற்குச் செய்ய முடியும்; மீக்கணினி தேவையில்லை. ஆனால் 1.2 மைக்ரோவினாடி நேரத்தில் உச்சமடையும் மின்னல் மோதல் அலையை முழுதும் தொடர்ந்து பார்க்க 24 லட்சம் படிகள் தேவைப்படும். அங்கே வாயு வெளியேற்றத்தைத் தனியே எளிமைப்படுத்திச் சேர்ப்பதைத் தவிர வேறு வழி அரிது.

திரையில் தோன்றும் வண்ணப் படங்களைக் கண்டு மயங்குதல் கூடாது. நிரல் ஒன்றை ஒருமுறை ஓட்டிப் பெறும் மின்னழுத்தம் ஒரு சமவாய்ப்பு நிகழ்வின் ஒரு மாதிரி மட்டுமே. சமவாய்ப்பு எண்வரிசையின் தொடக்க எண்ணை மாற்றிப் பலமுறை ஓட்டாமல் பரவல் புலப்படாது. சோதனைக்கூடத்திலும் முதல் சில மின்னிறக்கங்களுக்குப் பின் மேற்பரப்பு பதப்பட்டுத் தாங்குதிறன் உயர்வது வழக்கம். எத்தனையாவது மின்னிறக்கத்தோடு ஒப்பிடப்படுகிறது என்று சொல்லாத ஒப்பீடு பொருளற்றது.

ஒரே நிரல், இரண்டு விடைகள்

இப்போது முதல் கடவை ஆற்றலை 30-க்குப் பதில் 60 எலக்ட்ரான்வோல்ட் என்று மாற்றிப் பார்க்கலாம். வேறெதையும் தொடவில்லை. நிலைப்பாட்டில் செங்குத்துப்புலத்தின் பங்கு 0.67-லிருந்து 0.46-ஆகக் குறைகிறது, மேற்பரப்பு மின்னூட்டமும் அதே விகிதத்தில் குறைகிறது. தாவல் 57 மைக்ரோமீட்டராக நீள்கிறது. 10 மில்லிமீட்டரைக் கடக்க 370-க்குப் பதில் 175 மோதல்களே போதும். வாயுவைப் பெயர்ப்பவை அம்மோதல்கள் என்பதால், முறிவை நோக்கிய பாதை முழுவதும் மாறிவிடுகிறது. கட்டத்தை எவ்வளவு நுணுக்கினாலும், எத்தனை கோடித் துகள்களை விட்டாலும் இந்த வேறுபாடு நீங்காது. அது உள்ளீட்டில் இருப்பது.

உமிழ்வு விகித வளைவிற்கு 1989-இல் வாகன் தந்த சமன்பாடு பரவலாகக் கையாளப்படுகிறது. உச்ச விகிதம், உச்சம் நிகழும் ஆற்றல் ஆகிய இரண்டையும் கொடுத்தால் முழு வளைவும் கிடைத்துவிடும் என்பது அதன் வசதி. அவ்வசதியே ஆபத்துமாகும். மேற்பரப்பு மின்னிறக்கத்தை ஆள்வது உச்சம் அன்று, வளைவின் இடக்கோடியில் உள்ள முதல் கடவை. உச்சத்தை அளந்து, கடவையைச் சமன்பாட்டின் போக்கில் ஊகித்துக்கொள்வது, ஆற்றின் அகலத்தை அளந்துவிட்டு ஆழத்தை அதிலிருந்து சொல்வதற்கு ஒப்பாகும். அலுமினாவிலோ தூய்மை, துகளளவு, மெருகு, சூடேற்றிய வரலாறு ஆகியவற்றுக்கேற்ப விகிதம் பெரிதும் வேறுபடுகிறது. 'அலுமினா' என்ற ஒரு சொல்லுக்குப் பட்டியலில் எழுதப்பட்ட ஓர் எண்ணை எடுத்தாள்வது, அந்தப் பீங்கானை அன்று, வேறொன்றைக் கணக்கிடுவதாக முடியும். கடவை ஆற்றலையும் அது பெறப்பட்ட முறையையும் குறிப்பிடாத கட்டுரையின் முடிவை மற்றோர் ஆய்வாளர் மீண்டும் செய்து சரிபார்க்க இயலாது என்பதை மதிப்பீட்டாளர்கள் கருத்தில் கொள்ளவேண்டும்.

தத்தும் எலக்ட்ரான்களின் இவ்விளக்கமே முழுமையானதென்று எல்லோரும் ஏற்கவும் இல்லை. பொருளுக்குள் சிக்கிய மின்னூட்டங்கள் திடீரென விடுபடுவதால் சேமிக்கப்பட்ட முனைவாக்க ஆற்றல் வெளிப்பட்டு மின்னிறக்கம் தூண்டப்படுகிறது என்பது பிரான்சின் பிளேஸ், லெ கிரெஸ்ஸூஸ் ஆகியோர் முன்வைத்த கருத்து. கூம்புவடிவக் காப்பான்களின் நடத்தை தத்தல் விளக்கத்திற்கு ஆதரவாக உள்ளது: எதிர்மின்வாய்ப் பக்கம் அகன்று 45 பாகை சாய்ந்த காப்பான் துடிப்பு மின்னழுத்தத்தை நேர் உருளையைவிட நன்கு தாங்குகிறது, எலக்ட்ரான்கள் நேரே செல்லும்போது மேற்பரப்பு விலகிக்கொண்டே போவதால். ஆயினும் பீங்கானின் உட்பகுதிப் பொறிகளைப் புறக்கணித்த ஒப்புருவாக்கம் அதே மேற்பரப்பு இரண்டாம் முறை ஏன் வேறுவிதமாக நடந்துகொள்கிறது என்பதற்கு விடை தரவில்லை.

அளவீடு எளிதன்று. உலோகத்தின்மீது எலக்ட்ரான் கற்றையைத் தொடர்ந்து பாய்ச்சி, உள்சென்ற மின்னோட்டத்தையும் வெளிவந்ததையும் ஒப்பிடலாம். காப்பானில் அவ்வாறு செய்தால் அளக்கத் தொடங்கிய கணத்திலேயே மேற்பரப்பு மின்னூட்டம் பெற்று, அளக்கப்படும் பொருளே மாறிவிடுகிறது. ஆதலால் மிகக் குறுகிய துடிப்புகளாகக் கற்றையை விட்டு, துடிப்புகளுக்கிடையே மின்னூட்டத்தை நடுநிலையாக்க வேண்டியுள்ளது. குறைந்த ஆற்றலில், அதாவது முதல் கடவை இருக்கும் 100 எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழான பகுதியில், கற்றை சிறு புலத்திற்கும் வளைந்துவிடுவதால் இடர்ப்பாடு கூடுகிறது. துண்டிப்பானில் பயன்படும் அதே பீங்கான் துண்டை, சூடேற்றுமுன்னும் பின்னும், இப்பகுதியில் ஐந்து எலக்ட்ரான்வோல்ட் இடைவெளியில் அளந்து பெறும் இருபது புள்ளிகள், மேற்சொன்ன மேசைக் கணினிக்கு முதலில் கொடுக்கப்பட வேண்டியவை.